ஒண்ணா, ரெண்டா?

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அடையாள அட்டையைப் பார்த்தால் தெரியும். ஆனால் கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று கைவிரித்துவிடுவார்கள். ‘ஒண்ணாரெண்டா அக்கா’ என்று கேட்டுப் பாருங்கள். செருப்புக் கடைக்காரர் எழுந்து வெளியே வந்து, மருந்துக் கடையை ஒட்டி இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையைக் காட்டிவிட்டுத்தான் மறுபடி உட்காருவார்.

கடையின் முன்பக்கம் முதலாளியின் ராஜ்ஜியம். சுவர் முழுக்க ஃபிரேம்கள், நடுநடுவே ஆளைக் கொஞ்சம் அழகாகவே காட்டுகிற முகக்கண்ணாடிகள். கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனால் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்துகள் ஒளிரும் பெட்டி, மேசைமேல் லென்ஸ்கள் அடுக்கிய மரப்பெட்டி. அப்புறம் அந்தச் சோதனைச் சட்டம். கனமான இரும்பு வட்டங்கள் இரண்டு. எப்பேர்ப்பட்ட அதிகாரியாக இருந்தாலும் அதை மூக்கில் மாட்டிவிட்டால் பள்ளிக்கூட நாடகத்தில் வேஷம் கட்டிய பையன் மாதிரி ஆகிவிடுவார். அந்த வட்டத்துக்குள் ஒரு லென்ஸைப் போடுவாள், எடுப்பாள், இன்னொன்றைப் போடுவாள். “இது ஒண்ணு... இது ரெண்டு. எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?” நாள் முழுக்க இதே பாட்டு. பட்டப்பெயர் வராமல் என்ன செய்யும்?

இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். கடைசிக் கேள்வி பொய்க் கேள்வி. அதற்கு முன்பே எந்த லென்ஸ் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். இதுதான் உங்களுக்குச் சரி என்று நேரடியாகச் சொல்லிக் கொடுத்தால் ஜனங்கள் நம்புவதில்லை. ஒரு வாரத்தில் திரும்பி வந்து, தலை சுத்துது, படிக்கட்டு எழும்பி வருது என்று உயிரை எடுப்பார்கள். அதனால் கடைசியாக, போட்ட லென்ஸையே எடுத்து, பெட்டியில் தட்டிச் சத்தம் எழுப்பி, அதையே திரும்பப் போடுவாள். “ஒண்ணா, ரெண்டா?”

மனிதர்கள் கழுத்தை நீட்டுவார்கள், கண்ணைச் சுருக்குவார்கள், உயிலில் கையெழுத்துப் போடுகிற மாதிரி யோசிப்பார்கள். பிறகு “ரெண்டுதான்” என்பார்கள், அடித்துச் சொல்வார்கள். “ஒண்ணுல எழுத்து கொஞ்சம் கலங்கலா இருந்துச்சு” என்று காரணமும் தருவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து குறை சொன்னதே இல்லை. தானே தேர்ந்தெடுத்த பொருளை மனுஷன் குறை சொல்லமாட்டான் என்பது அவள் அனுபவத்தில் கண்டுபிடித்த சித்தாந்தம். அது பாதிதான் உண்மை என்று அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த நாற்காலியில் ஏமாறாதவர் ஒரே ஒருவர். அவள் புருஷன். நகரப் பேருந்து ஓட்டுநர். வருஷா வருஷம் டிப்போவில் கண் சான்றிதழ் கேட்பார்கள், அவரும் வந்து உட்காருவார். கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

“ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு.”

“நல்லா பாத்துச் சொல்லுங்க.”

“நல்லா பாத்துத்தான் சொல்றேன்.”

கல்லுக்குக் கூட ஒரு ருசி இருக்கும், இவருக்கு இல்லை என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே சான்றிதழை எழுதுவாள். மாட்டிக்கொண்டதை ஒப்புக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா?

இனி அவளுடைய சொந்தக் கதை. கடைக்குப் பலமுறை வந்தவர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். கட்டிக்கொடுத்து வெளியூருக்குப் போய்விட்ட மகள் தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள். படிப்பு முடிந்த கையோடு தலைநகரத்துப் பெரிய கண் ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்ன, வருந்தி வருந்தி அழைத்தார்கள். ஏழு மாடி. வாசலில் கண்ணாடிக் கதவு, தானே திறக்கும். அங்கே போயிருந்தால் இன்றைக்கு ஒரு மாடிக்கே அவள்தான் பொறுப்பாளர், வெளிநாட்டிலிருந்து வந்து பாடம் கேட்டுப் போவார்கள். இங்கே பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மனுஷனுக்காக எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த இருட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

மனசு நன்றாக இருக்கும் நாளில் இதைப் பெருமையாகச் சொல்வாள். “எல்லாரும் போற வழியில போறதுக்கு நான் எதுக்கு?” மனசு சரியில்லாத நாளில் ஒரு பெருமூச்சோடு சொல்வாள். “ஹூம், என் தலையெழுத்து.” கதை ஒன்றுதான், மூச்சு மட்டும் மாறும். மூச்சோடு மாடியும் மாறியது. முதன்முதலில் அந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று மாடிதான் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஐந்தானது. யாரும் செங்கல் தூக்காமலே ஏழு வரைக்கும் எழும்பி நின்றது.

இதை அவள் சொல்லும்போது பக்கத்தில் இருந்தால் ஓட்டுநர் தலையைக் குனிந்துகொள்வார். மறுத்ததில்லை, சலித்துக்கொண்டதும் இல்லை. ராத்திரிப் பாத்திரங்களை அவர்தான் கழுவுவார். எங்கே வீடு பார்க்கலாம், என்ன நிறத்தில் சுவர் பூசலாம், எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு எப்போது போகலாம், எல்லாம் அவள் இஷ்டம். “உனக்கு எது பிடிக்குதோ அதுவே” என்பார். நல்ல மனுஷன், வாயில்லாப் பூச்சி என்று கடைத்தெரு சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். மாடியில் காய்ந்த துணிகளை வாரிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். ஓட்டுநர் பின்வாசல் படியில் உட்கார்ந்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, டியூட்டி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்முனையில் அவருடைய அண்ணன் என்பது குரலிலேயே தெரிந்தது. கடலோர ஊர் ஒன்றில் அண்ணன் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த சின்ன கார்கள் இரண்டு, ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

“இடுப்பு அப்படி இருக்கும்போது நீங்க கார்ல ஏறி இறங்கக் கூடாதுதாண்ணே... தெரியுது... ஆமாண்ணே, வெளியாளுக்குக் குடுக்கறதுன்னா மனசு கேக்காதுதான்...” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆசை இல்லாமலா? ஸ்டியரிங்கைப் பிடிக்கவே நடுங்கறவங்கள உக்காரவெச்சு, பயப்படாதீங்க, என் கால் பிரேக்குமேலதான் இருக்குன்னு சொல்லிக் குடுக்கறதவிட வேற என்ன வேணும் எனக்கு? ஆனா வேணாம்ணே. அவ எனக்காக அவ்வளவு பெரிய வேலையை விட்டுட்டு இந்த ஊர்ல உக்காந்தா. ஒருத்திகிட்ட ஒரு தடவைதான் வாங்கலாம். இப்ப அந்தக் கடையையும் விடுன்னு கேக்க எனக்கு வாய் வராது... ஐயோ, அவகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா வர்றேம்பா. அதனாலதான் வேணாங்கறேன்.”

போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்த ஷூவை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. புருஷன் தன்னைப் பற்றி இன்னொருவரிடம் இப்படிப் பேசுவதை ஒட்டுக்கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? உள்ளே போய்த் துணி மடிக்கும்போது முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. அவருடைய காக்கிச் சட்டையை எடுத்து மடிக்கையில்தான் தொண்டையில் மீன் முள் மாட்டிய மாதிரி ஏதோ உறுத்தியது. என்ன முள் என்று அவள் தேடிப் பார்க்கவில்லை. தேடாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

அடுத்த வாரம் கடைக்கு போஸ்ட்மாஸ்டர் வந்தார். போன மாதம்தான் புதுக் கண்ணாடி வாங்கிப் போனவர். திரையை விலக்கிக்கொண்டு குற்றவாளி மாதிரி உள்ளே நுழைந்தார்.

“தப்பு என்மேலதாம்மா. உங்கள ஒண்ணும் சொல்ல வரலை.”

“என்ன சார் ஆச்சு?”

“அன்னைக்குக் கடைசியா கேட்டீங்களே, ஒண்ணா ரெண்டான்னு. மனசு ஒண்ணுன்னுச்சு. வாய் ரெண்டுன்னுடுச்சு. அன்னைலேருந்து தலைவலி. வீட்லயும் சொல்லிட்டேன், ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொன்னேன், என் கண்ணே போச்சுன்னு.” நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “எனக்கு எப்பவுமே இப்படித்தாம்மா. கடைசி நேரத்துல கையில வந்ததைக் கோட்டை விட்டுடுவேன். அந்த ஒண்ணையே போட்டுக் குடுத்துடுங்களேன்.”

எந்த ஒண்ணு? இல்லாத ஒண்ணு. அவள் என்ன சொல்வாள்? கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். மூக்குத் தாங்கி ஒரு பக்கம் வளைந்து ஃபிரேம் கோணலாக உட்கார்ந்திருந்தது. மேலே உட்கார்ந்துவிட்டாரோ என்னவோ. தலைவலிக்கு அதுதான் காரணம். ஒரு குறடால் நிமிர்த்தி, துடைத்து, “இந்தாங்க சார், ஒண்ணு” என்று நீட்டினாள். போஸ்ட்மாஸ்டர் மாட்டிக்கொண்டு எழுத்துப் பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“இதத்தாம்மா அன்னைக்குச் சொல்லியிருக்கணும். பாருங்க, ஒரு மாசம் வீணாப்போச்சு.”

அவர் போன பிறகு அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீட்டுக்குப் போனதும் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். ‘ரெண்டும் ஒரே லென்ஸ். அதுல ஒண்ணைத் தவற விட்டுட்டேன்னு ஒரு மனுஷன் ஊரெல்லாம் அழுதுட்டுத் திரியறாரு...’

அங்கே அவள் சிரிப்பு நின்றது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளுக்கும் அதே சட்டம்தான். போஸ்ட்மாஸ்டர் காலி செய்த நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்து அவளுக்கு வழக்கமே இல்லை. அந்தப் பழைய நாள், மாடி எதுவும் எழும்பாமல், இருந்தபடியே நினைவுக்கு வந்தது.

படிப்பு முடிந்ததும் இரண்டு இடத்தில் வேலை கிடைத்தது உண்மை. இரண்டையும் போய்ப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காட்டிய அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு எழுத்துப் பெட்டி, ஒரு லென்ஸ் பெட்டி. கடையிலும் அதேதான். சம்பளமும் முன்னே பின்னே அதேதான். யாரும் வருந்தி அழைக்கவில்லை. உன்னைப் போல் இன்னும் சிலர் வருகிறார்கள், வந்தால் வா என்றார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “ரெண்டும் ஒண்ணுதாம்மா, எதுவானா என்ன?” என்றாள். அம்மா, “அப்ப பக்கத்துலயே இரு” என்றாள். இருந்துவிட்டாள். பஸ் நிறுத்தம் கடை வாசலிலேயே இருந்தது, மழையில் நனைய வேண்டாம். தியாகத்தின் முழு விவரமும் இவ்வளவுதான்.

ஓட்டுநரா? அவரை அப்போது யார் கண்டார்கள்? கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் ஏறிய பேருந்தை அவர் ஓட்டினார். பார்த்து, பேசி, பழகின பிறகு ஒருநாள், “எனக்குத் தலைநகரத்து ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க, நான் போகலை” என்று பேச்சுவாக்கில் சொன்னாள். எப்போது கூப்பிட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர் காது மடல் சிவந்தது. தனக்காகத்தான் என்று நினைத்துவிட்டார் என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. திருத்தியிருக்கலாம். ஒரு ஆண்பிள்ளை தனக்காக அப்படிச் சிவப்பதைப் பார்த்துவிட்டு எவளுக்குத் திருத்த மனசு வரும்? கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய சண்டையில், “உங்களுக்காகத்தானே அதை விட்டுட்டு வந்தேன்” என்று வாய் தானாகச் சொன்னது. அவர் அன்றைக்கு அடங்கினவர்தான். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்ததாக ஆகிவிட்டது. வேண்டுமென்று புளுகினாள் என்று நான் சொல்லமாட்டேன். குளிரில் கைக்குக் கிடைத்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்தப் பக்கம் படுத்திருந்தவருக்கு அது இல்லாமல் போனதைப் பார்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஓட்டுநருக்குச் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். அவள் லென்ஸைப் போட்டாள், எடுத்தாள், பெட்டியில் தட்டினாள், போட்டாள்.

“ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஆமா” என்றாள்.

அவர் சட்டத்தோடு திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் ஆமா என்று சொன்னதில்லை.

“ஒரே லென்ஸ்தான். எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வேன். ஆளுக்கொண்ணு சொல்லிட்டுப் போவாங்க. நானும் அப்படித்தாங்க சொல்லிட்டேன். அந்த ஆஸ்பத்திரியும் இந்தக் கடையும் ஒண்ணுதான். இதுக்குச் சரின்னு சொன்னப்ப நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. உங்க பஸ்ல ஏறினதே அப்புறம்தான்.” நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் முடித்தாள். “அண்ணன்கிட்ட நீங்க பேசினதைக் கேட்டேன். எனக்காக நீங்க எதையும் விடவேணாம். நான் எதையும் விடலை.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். அவர் எழுந்து சிரிப்பார், அப்படியா சேதி என்பார், அண்ணனுக்குப் போன் போடுவார் என்று நினைத்திருந்தாள். அவர் எழுத்துப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எனக்காக நீ எதையும் விடலை” என்றார் மெதுவாக.

அவள் லென்ஸ் பெட்டியை மூடி வைத்தாள்.

“நடுரோட்டுல வண்டி நின்னுடும். ஏறினவங்க, இறங்கினவங்க, சின்னப் பசங்ககூட வாய்க்கு வந்தபடி பேசுவாங்க. அப்பல்லாம் மனசுக்குள்ள ஒண்ணு சொல்லிப்பேன். ஏழு மாடி ஆஸ்பத்திரியையே எனக்காக ஒருத்தி வேணாம்னாளே, நான் ஒண்ணும் அவ்வளவு மட்டமான ஆள் இல்லைன்னு.”

“மூணு மாடிதாங்க” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் சட்டத்தைத் தானே கழற்றி, லென்ஸ் விழாமல் மேசைமேல் வைத்தார். சான்றிதழை வாங்காமலே போனார்.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று குழந்தைகளைப் பயமுறுத்துகிறோம். உண்மை சொன்னால் என்ன குத்தும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அவர் கோபப்படவில்லை. சாப்பிட்டார், டியூட்டிக்குப் போனார், வந்தார், பாத்திரம் கழுவினார். ஆனால் கழுவும்போது வழக்கமாக அடிக்கும் சீட்டி இல்லை. கட்டிக் காத்த ஒரே சொத்தை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டோமே என்று அவள் தவித்தாள். கடையில் யாரோ ஒருவர் வழக்கம்போல, “என்னக்கா, அந்த ஏழு மாடிக் கதை...” என்று ஆரம்பித்தபோது, “அதை விடுங்க சார், எழுத்தைப் படிங்க” என்றாள்.

சில நாள் கழித்து, முதலாளி முன்பக்கம் கதவைப் பாதி இறக்கிவிட்ட நேரத்தில் ஓட்டுநர் வந்தார். சான்றிதழுக்காக என்று நினைத்து அவள் பேனாவை எடுத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்ணன் திரும்பக் கூப்பிட்டாரு. இன்னும் யாருக்கும் குடுக்கலையாம்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்கு ஆசையா இருக்கு. வர்றியா?”

எனக்கு ஆசையா இருக்கு. அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

“அங்க கண்ணாடிக் கடை இருக்கா?”

“விசாரிச்சேன். ஒண்ணு இருக்கு. ஆள் எடுக்கலையாம்.”

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். லென்ஸ் பெட்டியில் எந்தக் குழியில் எது என்று இருட்டிலும் விரல் போகும். நாற்காலியின் கைப்பிடியில் அவள் ஊன்றி ஊன்றித் தோல் உரிந்த இடம் இருந்தது. வெளியே ஒரு தெரு முழுக்க அவளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் காத்திருந்தது. அங்கே போனால் அவள் வெறும் டிரைவிங் ஸ்கூல்காரர் சம்சாரம். அம்மாவிடம் சொன்ன மாதிரி, எதுவானா என்ன என்று இப்போது சொல்ல முடியாது. 

“வர்றேன்” என்றாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். எனக்கு இந்த இடத்தை விட்டு வரப் பிடிக்கவே இல்லை. உங்களுக்காகத்தான் வர்றேன்.”

ஓட்டுநருக்கு வயசாகிவிட்டது, தலை நரைத்துவிட்டது. ஆனால் காது மடல் அப்படியேதான் இருந்திருக்கிறது. அது சிவந்தது.

“இதை எத்தனை வருஷம் சொல்லிக்காட்டப் போறே?”

“சாகற வரைக்கும்.”

“சொல்லு” என்றார். சோதனைச் சட்டத்தை எடுத்துத் தானே மூக்கில் மாட்டிக்கொண்டு சான்றிதழுக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார். “தினம் சொல்லு, கேக்கறேன். ஆனா மாடி மட்டும் கட்டாதே.”